போக, வர, இருக்க: ஆங்கிலத்தில் நாம் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள்

போக முடியும், போக வேண்டும், போக விடு, போகச் சொன்னார், போகப் பிடிக்கும். தமிழில் இத்தனைக்கும் 'போக' என்ற ஒரே வடிவம் போதும். ஆங்கிலமோ இந்த வேலையை வெறும் 'கோ', 'டு கோ', 'கோயிங்' என்று மூன்றாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறது. எந்த வினைக்குப் பின்னால் எது வரும் என்று தெரியாமல் 'டு'வைக் கண்ட இடத்தில் போட்டுவிடுகிறோம், போட வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறோம்.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். கேன், மஸ்ட், ஷுட், மே, வில் இவற்றுக்குப் பின்னால் 'டு' கிடையாது. 'ஐ கேன் டு ஸ்விம்' தவறு, 'ஐ கேன் ஸ்விம்' சரி. 'லெட்', 'மேக்' இரண்டும் இதே சாதிதான்: 'லெட் ஹிம் கோ', 'ஷி மேட் மீ வெயிட்'. ஆனால் 'மேக்' செயப்பாட்டு வினையானால் போன 'டு' திரும்பி வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'. இதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

அதிகம் காதில் விழும் தவறு 'சொன்னார்' விஷயத்தில்தான். 'என்னை வரச் சொன்னார்' என்பதை 'ஹி செட் மீ டு கம்' என்கிறோம். 'சே' தனக்குப் பின்னால் ஆளை இப்படி நேரடியாக வைத்துக்கொள்ளாது. அதற்கு 'டெல்' வேண்டும்: 'ஹி டோல்ட் மீ டு கம்'. கேட்டுக்கொண்டார் என்றால் 'ஆஸ்க்ட் மீ டு கம்'. வர வேண்டாம் என்று சொன்னால், 'நாட்' என்பது 'டு'வுக்கு முன்னால் போகும்: 'ஹி டோல்ட் மீ நாட் டு கம்'.

'நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்ற வாக்கியத்திலும் இப்படித்தான். நம் 'என்று' அங்கே போய் 'தட்' ஆகிவிடுகிறது: 'ஐ வான்ட் தட் யூ கம்'. ஆங்கிலத்தில் அது 'ஐ வான்ட் யூ டு கம்'. சரி, எல்லாவற்றுக்கும் இதே அச்சு போலிருக்கிறது என்று நினைத்து, 'போகலாம் என்று யோசனை சொன்னார்' என்பதை 'ஹி சஜஸ்டெட் மீ டு கோ' என்று சொன்னால் அது தவறு! 'சஜஸ்ட்' எதிர்த்திசையில் நிற்கும்: 'ஹி சஜஸ்டெட் தட் ஐ கோ', அல்லது 'ஹி சஜஸ்டெட் கோயிங்'.

அப்புறம் 'பார்ப்பதற்காக வந்தேன்'. நம் 'ஆக' உடனே 'ஃபார்' ஆகி, 'ஐ கேம் ஃபார் மீட்டிங் யூ' என்று வந்து விழும். வந்ததன் நோக்கத்தைச் சொல்ல 'ஐ கேம் டு மீட் யூ' போதும். 'ஃபார்' கூடவே 'இங்' வருவது ஒரு பொருளின் பயனைச் சொல்லும்போது: 'எ நைஃப் ஃபார் கட்டிங் பிரெட்'.

'இங்' மட்டுமே கேட்கும் வினைகள் சில உண்டு: என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட். இவற்றில் தவறினால் காதுக்கு உறுத்தும், அவ்வளவுதான். 'ஸ்டாப்', 'ரிமெம்பர்' இரண்டிலும் அர்த்தமே மாறிவிடும். 'ஹி ஸ்டாப்ட் டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்தினான். 'ஹி ஸ்டாப்ட் டு டாக்' என்றால் பேசுவதற்காக நின்றான். 'ஐ ரிமெம்பர்ட் டு லாக் தி டோர்' என்றால் மறக்காமல் கதவைப் பூட்டினேன். 'ஐ ரிமெம்பர் லாக்கிங் தி டோர்' என்றால் பூட்டியது ஞாபகம் இருக்கிறது.

உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன் என்பதற்கு 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று முடியும் மின்னஞ்சல்களுக்குக் கணக்கே இல்லை. அங்கே வர வேண்டியது 'டு மீட்டிங் யூ'. ஏனென்றால் அந்த 'டு' வினையோடு ஒட்டியதல்ல, நம் 'கு' உருபைப் போன்றது. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு தி ஹாலிடேஸ்' பொருந்துகிறது, ஆகவே 'இங்' வரும். 'வான்ட் டு தி ஹாலிடேஸ்' பொருந்தவில்லை, ஆகவே அங்கே வெறும் வினைதான்.

இடம் சொல்லும்போது வம்பு செய்வது 'இல்' என்ற உருபு. வீட்டில், பெட்டியில், மேசையில், டிவியில், பத்தாம் பக்கத்தில்: எல்லாவற்றையும் 'இன்' என்று மாற்றிவிடுகிறோம். இன் என்றால் நாலு பக்கமும் சூழ்ந்த உட்புறம், ஆன் என்றால் ஒரு பரப்பு அல்லது கோடு, அட் என்றால் வெறும் புள்ளி என்பது அடிப்படை. மாடியும் பக்கமும் பரப்பு: 'ஆன் தி ஃபர்ஸ்ட் ஃப்ளோர்', 'ஆன் பேஜ் டென்'. டிவி, இன்டர்நெட், போன் மூன்றுக்கும் ஆன். வீட்டில் இருக்கிறேன் என்றால் 'அட் ஹோம்'. 'இன் ஹோம்' அல்ல. வண்டிகளில்தான் இந்த அடிப்படை கொஞ்சம் கைவிடும். காருக்கும் டாக்ஸிக்கும் இன். பஸ், ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் ஆன். எழுந்து நடமாட இடமிருந்தால் ஆன் என்று வைத்துக்கொள்ளலாம். சைக்கிளுக்கும் ஆன்தான், அதில் மேலேதானே உட்காருகிறோம்!

ஒரே இடத்துக்கு அட், இன் இரண்டும் வருவதுண்டு. 'ஐ ஆம் அட் தி பேங்க்' என்றால் பேங்குக்கு வந்திருக்கிறேன். வாசலில் நின்றாலும் பொருந்தும். 'இன் தி பேங்க்' என்றால் கட்டடத்துக்கு உள்ளே.

'கு' உருபும் சும்மா இருப்பதில்லை. வீட்டுக்குப் போனேன் என்பது 'வென்ட் டு ஹோம்' ஆகிறது, ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பதும் 'ரீச்ட் டு தி ஸ்டேஷன்' ஆகிறது. இரண்டிலும் 'டு' வேண்டாம்: 'வென்ட் ஹோம்', 'ரீச்ட் தி ஸ்டேஷன்'. 'என்டர்' சொல்லிலேயே 'உள்ளே' இருப்பதால் 'என்டர்ட் இன்டு தி ரூம்' தேவையில்லை. 'அரைவ்' மட்டும் துணை கேட்கும்: ஊருக்கோ நாட்டுக்கோ இன், ஸ்டேஷன் போன்ற இடங்களுக்கு அட்.

வினையும் இடச்சொல்லும் ஒன்றாகச் சேரும் ஒரு வாக்கிய வகை இருக்கிறது. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் தவறுவது இங்கேதான். 'உட்கார ஒரு நாற்காலி' என்பதை 'எ சேர் டு சிட்' என்று நிறுத்திவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு அது அரைகுறை. 'எ சேர் டு சிட் ஆன்' என்று முடிக்க வேண்டும். தமிழில் எழுத ஒரு பேனா, எழுத ஒரு தாள், எழுத ஒரு கடிதம் என்று மூன்றுக்கும் 'எழுத' என்றே சொல்லிவிடலாம். எதால், எதன்மேல், எதை என்பது கேட்பவருக்குத் தானே புரியும். ஆங்கிலம் மூன்றையும் பிரித்துக் கேட்கிறது: 'எ பென் டு ரைட் வித்', 'பேப்பர் டு ரைட் ஆன்', 'எ லெட்டர் டு ரைட்'. கடைசியில் மட்டும் வால் இல்லை, ஏனென்றால் 'ரைட் எ லெட்டர்' நேரடியாகப் பொருந்துகிறது. 'ரைட் எ பென்' பொருந்தாது, அதனால் 'வித்' வேண்டும். இதே சோதனையில் 'எ ஹவுஸ் டு லிவ் இன்' என்பதும் வந்துவிடும். 'பிளேஸ்' என்ற சொல்லுக்கு மட்டும் சலுகை உண்டு: 'எ பிளேஸ் டு லிவ்' என்று 'இன்' இல்லாமலே சொல்வார்கள்.

'பேச ஆள் இல்லை' என்பதில் இரண்டு 'டு'வும் வரும்: 'ஐ ஹேவ் நோ ஒன் டு டாக் டு'. முதலாவது 'பேச' என்ற வினைக்கு, கடைசியில் இருப்பது 'யாரிடம்' என்பதற்கு. ஒன்று போதும் என்று பின்னதை வெட்டினால் வாக்கியம் பாதியில் நின்றுபோகும்.