மலக்குடல் புற்றுநோய் சிகிச்சை: அவசரமும் அசட்டையும் இடம் மாறும்போது

மலத்தோடு ரத்தம் போனால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மூலம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும் என்பதால்தான் களிம்பும் மாத்திரையுமாக மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஆனால் மூலம் உள்ளவருக்கே மலக்குடலில் கட்டியும் இருக்கலாம். ஆசனவாய்க்கு அருகில் உள்ள கட்டியை, கையுறை அணிந்த விரலாலேயே மருத்துவர் ஒரு நிமிடத்தில் தொட்டு உணர்ந்துவிட முடியும். வெட்கப்பட்டு அந்தப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள். ரத்தம் நிற்கவில்லை, மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருக்கிறது, போய் வந்த பிறகும் முழுதாகப் போகாத உணர்வு, காரணம் தெரியாத ரத்தசோகை என்றால், கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்துதான் ஆகவேண்டும். ‘இந்த வயதில் புற்றுநோயா’ என்று ஒதுக்கவும் முடியாது. ஐம்பதுக்குக் குறைந்தவர்களிடம் இந்த நோய் பல நாடுகளில் கூடிவருகிறது.

இங்கே தேவையான அவசரத்தைக் காட்டாத குடும்பங்கள், பயாப்சி என்ற திசுப் பரிசோதனையில் புற்றுநோய் என்று முடிவு வந்ததும் நேர்மாறாகிவிடுகின்றன. ‘நாளைக்கே ஆபரேஷன் செய்து எடுத்துவிடுங்கள்’ என்பார்கள். பயம் புரிகிறது. ஆனாலும் மலக்குடலைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தவறு குறைவு. பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர் அளவுள்ள இந்தப் பகுதி, குறுகலான இடுப்பெலும்புக் கூட்டுக்குள் சிறுநீர்ப்பை, கருப்பை அல்லது புராஸ்டேட், நுண்ணிய நரம்புகள் எல்லாவற்றோடும் நெருங்கி இருக்கிறது. கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நிணநீர்க் கணுக்கள் எப்படி இருக்கின்றன, மலக்குடலையும் அதன் கொழுப்பையும் சுற்றியுள்ள மெல்லிய உறைக்கும் கட்டிக்கும் இடைவெளி எவ்வளவு என்பதையெல்லாம் இடுப்பு எம்.ஆர்.ஐ. காட்டும். அந்த இடைவெளி 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு என்றால், நேராக அறுவைக்குப் போவதில் நோய் மிச்சம் இருந்துவிடும் ஆபத்து அதிகம். கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க சி.டி. ஸ்கேன் வேண்டும். குடல் அடைப்போ கட்டுக்கடங்காத ரத்தப்போக்கோ இல்லாதவரை, இதற்கெல்லாம் ஓரிரு வாரம் ஆவதால் கெட்டுப்போவது எதுவும் இல்லை.

பயாப்சித் திசுவில் எம்.எம்.ஆர். பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். டி.என்.ஏ. பிழை திருத்தும் புரதங்கள் இல்லாத கட்டி ஒரு சிறு பங்கினருக்கே இருக்கும். ஆனால் அவர்களுக்குச் சிகிச்சைப் பாதையே வேறு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்துச் சிகிச்சையை முடித்த இப்படிப்பட்ட 12 பேருக்குமே கதிர்வீச்சும் அறுவையும் இல்லாமல் கட்டி மறைந்திருந்தது.

கதிர்வீச்சை ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. 2004-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வு இதை நேரடியாக ஒப்பிட்டது. முன்பே கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் ஐந்தாண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பியது 6 சதவீதத்தினருக்கு. பின்னர் பெற்றவர்களில் 13 சதவீதத்தினருக்கு. அதற்காக எல்லோருக்கும் கதிர்வீச்சு தேவை என்று அர்த்தமில்லை. மிக ஆரம்ப நிலைக் கட்டிக்கு அறுவை மட்டுமே போதும். தேவைப்படுவோருக்கும் ஒரே முறைதான் என்றில்லை. 25 முதல் 28 சிகிச்சை நாட்களில், கேப்சைடபின் என்ற கீமோ மாத்திரையோடு மொத்தம் 45 முதல் 50.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுப்பது ஒன்று. 5 நாட்களில் 25 கிரே கொடுத்து முடிப்பது மற்றொன்று. நாள் குறைவு என்பதால் இரண்டாவதை அரைகுறை சிகிச்சை என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு நாளும் கொடுக்கும் அளவு அதில் அதிகம்.

பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் முதல் கதிர்வீச்சுக்கு முன்பே பேசவேண்டிய ஒரு விஷயம் உண்டு. இடுப்புக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சினைப்பையின் செயல்பாட்டை நிறுத்திவிடலாம், விந்தணுவையும் பாதிக்கலாம். விந்தணு, கருமுட்டை சேமிப்பெல்லாம் முன்கூட்டியே செய்யவேண்டியவை. மருத்துவர் மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

சிகிச்சை தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் ரத்தப்போக்கு நின்றுவிடுவது உண்டு. ‘அதான் சரியாகிவிட்டதே’ என்று பாதியில் விடுவது பெரும் ஆபத்து. தோலில் போட்ட அடையாளக் கோடுகளைத் தேய்த்து அழிக்காதீர்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் தினமும் அப்படியே போங்கள். நிறைந்த பை சிறுகுடலை மேலே தள்ளி, கதிர் படாமல் காக்கிறது. கேப்சைடபினை காலை, மாலை இரு வேளையும் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். உள்ளங்கை, பாதம் சிவந்து எரிந்தாலோ வயிற்றுப்போக்கு கடுமையானாலோ, மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைக்க வேண்டாம். அளவைக் குறைத்தோ சில நாள் இடைவெளி விட்டோ பாதுகாப்பாகத் தொடர வழி இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும். தெம்புக்காக வாங்கும் ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரைகூட இந்த மருந்தின் பக்கவிளைவைக் கூட்டலாம். மூலிகை மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

சிகிச்சை முடிந்து கட்டி முழுதும் மறைந்தவர்களை அறுவை செய்யாமல் கண்காணிக்கும் முறையை பிரேசிலின் ஆஞ்செலிடா ஹப்ர்-காமா முன்னெடுத்தார். அது ஆபரேஷனைத் தவிர்க்கும் சாக்கு அல்ல. விரல் பரிசோதனை, எண்டோஸ்கோபி, எம்.ஆர்.ஐ. மூன்றிலும் கட்டி இல்லை என்று உறுதியாக வேண்டும். இவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில், கட்டி மீண்டும் வளர்கிறது. சில மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வரமுடியாதவருக்கு இந்த வழி சரிப்படாது.

அறுவை என்றால், மலக்குடலை அதன் கொழுப்புறையோடு கிழியாமல் முழுதாக எடுப்பதுதான் உயிர்நாடி. இங்கிலாந்தின் பில் ஹீல்ட் 1982-ல் இதை விளக்கிய பிறகுதான் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா என்பதைவிட, இந்த அறுவையை அடிக்கடி செய்கிறவரா என்பதே முக்கியமான கேள்வி.

ஸ்டோமாவுக்கு, அதாவது மலம் பையில் சேரும்படி வயிற்றில் வைக்கும் குடல் திறப்புக்கு, பயந்து ஆபரேஷனையே மறுப்பவர்கள் உண்டு. பலருக்கு அது தற்காலிகம்தான். நிரந்தரம் என்றாலும், இடம் சரியாக அமைந்தால் வேலைக்குப் போகலாம், பயணம் செய்யலாம். அதற்கு அறுவைக்கு முன்பே குறி போடவேண்டும். உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்த்து, தோல் மடிப்போ இடுப்புப் பட்டியோ படாத, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பேனாவால் அடையாளம் இடுவார்கள். படுத்த நிலையில் அவசரமாகத் தேர்ந்த இடத்தில் பை ஒட்டாமல் கசிந்து, தோல் புண்ணாகும். சிறுகுடலில் இருந்து வைத்த ஸ்டோமாவில் ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் உடனே தெரிவியுங்கள். வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் உப்புச்சத்து இன்னும் குறையும். உப்புச்சர்க்கரைக் கரைசல்தான் தேவை.

குடலை மீண்டும் இணைத்த பிறகு பழையபடி மலம் போகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக்கூடாது. ஒரே நாளில் பலமுறை, அடக்கமுடியாத அவசரம், விட்டுவிட்டுப் போவது என்று ஒன்றிரண்டு ஆண்டுகள் இருக்கலாம், சிலருக்கு அதற்கு மேலும். சொல்லக் கூச்சப்பட்டு வீட்டுக்குள் முடங்கிவிடுகிறவர்களை நினைத்தால்தான் மனம் வலிக்கிறது. வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் லோபெரமைடு மாத்திரை, இடுப்புத்தள தசைப் பயிற்சி, குடலை நீரேற்றிக் கழுவும் முறை என்று உதவிகள் இருக்கின்றன. பாலுறவுச் சிக்கலுக்கும் சிகிச்சை உண்டு.

நோய் திரும்புகிறதா என்று காட்ட உதவும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, சி.டி., ஓராண்டு முடிவில் கொலோனோஸ்கோபி, இவற்றை நன்றாக இருக்கும்போதே செய்வதுதான் பயன். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் தங்களுக்கு எந்த வயதில் கொலோனோஸ்கோபி தொடங்கவேண்டும் என்று மருத்துவரிடம் கேட்கட்டும். பலருக்கு அது நாற்பது வயதிலோ, உங்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முதலில் வருகிறதோ அது.