ஒரு தீர்ப்பும் ஒன்பது கையெழுத்தும்

அரசியல் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்த கேசவானந்த பாரதி வழக்கு பற்றிய இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றைச் சரிசெய்யப் போய் மூன்று வாரம் ஓடிவிட்டது. ‘13 நீதிபதிகள், 7க்கு 6 பெரும்பான்மை’ என்ற வரிக்கு ஆதாரம் ஒரு பயிற்சி மையத்தின் பக்கம். திறந்து பார்த்தால் எங்கள் கட்டுரையேதான், எழுத்துப் பிழைகூட மாறாமல்! நாங்கள் அவர்களைக் காட்ட, அவர்கள் எங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

தக்கலையில் எங்கள் தெரு வக்கீல் அண்ணாச்சியிடம் கேட்டேன். அந்தத் தீர்ப்பு அச்சாகியிருக்கும் ‘ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்’ என்ற தீர்ப்புத் தொகுப்பின் தடித்த தொகுதியை (ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461) எடுத்துத் தந்தார். முன்னால் இருந்த சுருக்கத்தைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன்.

“மக்கா, அது ஹெட்நோட்டுல்லா. பதிப்பாளர் எழுதினது. நீதிபதி சொன்னதை உள்ள போய்ப் பாரு.”

அங்கேதான் பிழை மாட்டியது. 1973 ஏப்ரல் 24 அன்று வந்த தீர்ப்பின் ‘பெரும்பான்மைக் கருத்து’ச் சுருக்கத்தில் கையெழுத்திட்டவர்கள் ஒன்பது பேர், நால்வர் போடவில்லை. கட்டுரையோ ஏழு பேர் என்றது. ஏழு என்பது, அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்றவர்களின் எண்ணிக்கை. இரண்டையும் யாரோ குழப்பியிருக்கிறார்கள்.

வரிக்கு வரி பத்தி எண்ணோடு தீர்ப்பையே ஆதாரமாகக் காட்டினேன். ‘திருப்புமுனைத் தீர்ப்பு’ போன்ற மதிப்பீட்டுக்கு மட்டும் அது செல்லாது. தீர்ப்பு தன்னையே புகழ்ந்துகொள்ளாதே! அதற்கு நாகர்கோவில் நூலகத்தில் ஒரு சட்ட வரலாற்று நூல் கிடைத்தது. செத்த இணைப்புகள் இரண்டை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் மீட்டேன்.

பயிற்சி மையப் பக்கத்தை நீக்கிய மறுநாளே யாரோ திரும்பச் சேர்த்தார்கள். எது முதலில் வந்தது என்று தேதியோடு, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் வைத்தபின் விட்டுவிட்டார்கள்.