25-ஆம் தேதி ஆறு மணிக்கு ஷீட்டை மூடுவது எப்படி

திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடியே பெங்களூரு கம்பெனி ஒன்றுக்குப் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, பார்க்கிறேன். பதினொரு கிளையன்ட், சுமார் 1,400 பேர் சம்பளம். ஒரு மார்ச் மாதம் பாத்திரம் கழுவும்போது குழாய்ச் சத்தம் டீம்ஸ் அழைப்பு போலவே கேட்டது. ஈரக் கையோடு ஓடிப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து ஒரு மாதம், எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று நோட்டில் குறித்தேன். சம்பளம் போட 38 மணி நேரம். போட்டதையே திரும்பப் போட 51. முதலில் நீங்களும் இதைச் செய்யுங்கள். "முடியல சார்" என்றால் "எல்லாருக்கும்தானே" என்பார்கள். நோட்டைக் காட்டிய பிறகுதான் இரண்டு கிளையன்ட் வேறொருவர் கைக்குப் போனது.

அந்த 51 எங்கிருந்து வந்தது? 30-ஆம் தேதி ராத்திரி, "அக்கா, ரெண்டு பேருக்கு எல்.ஓ.பி. விட்டுப்போச்சு" என்று வரும் வாட்ஸ்அப்பிலிருந்து. எல்.ஓ.பி. என்றால் சம்பளமில்லா லீவுக்கான பிடிப்பு. இப்போது 25-ஆம் தேதி மாலை ஆறுக்கு இன்புட் ஷீட்டை, அதாவது லீவு, ஓ.டி. விவரமெல்லாம் கிளையன்ட் நிரப்பும் ஷீட்டை, மூடிவிடுகிறேன். பிறகு வரும் ஓ.டி., இன்கிரிமென்ட் அடுத்த மாத அரியரில் சேரும், எல்.ஓ.பி.யும் அடுத்த மாதம்தான் பிடிப்பு. புதிதாகச் சேர்ந்தவருக்கும் வேலையை விட்டுப் போகிறவருக்கும் மட்டும் விலக்கு. இதைச் சொல்லும் மெயில் மேனேஜர் பெயரில்தான் போக வேண்டும். என் பெயரில் போனபோது கெஞ்சல்தான் வந்தது.

சம்பளத்தில் பிடித்ததைக் கட்டக் கடைசி நாள்: டி.டி.எஸ். (வருமான வரி) 7-ஆம் தேதி, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) 15-ஆம் தேதி. இவை நகராது, அதனால் என் லீவு 16, 17. மார்ச் மாதம் பிடித்த டி.டி.எஸ்.ஸுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. அது தெரியாமல் ஏப்ரல் 7-க்கே உயிரை விட்ட வருஷமும் இருந்தது.

திரும்பத் திரும்ப வரும் கேள்விக்குத் தமிழிலேயே பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "சம்பளம் 21,000-ஐத் தாண்டிருச்சே, இன்னும் ஏன் இ.எஸ்.ஐ. பிடிக்கிறீங்க?" என்று ஜூலையில் பத்துப் பேராவது கேட்பார்கள். இடையில் தாண்டினாலும் செப்டம்பர் முடியும்வரை பிடிப்பு உண்டு என்ற இரண்டு வரியை ஒட்டி அனுப்பினால் போதும்.

யாருக்கு எவ்வளவு போட வேண்டும் என்று பேங்குக்குப் போகும் ஃபைலை ராத்திரி ஒன்பதுக்கு மேல் அனுப்பாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் பழைய ஃபைலை அனுப்பி, வேலையை விட்டுப் போனவருக்குச் சம்பளம் போட்டிருக்கிறேன். அதைத் திரும்ப வாங்க ஆறு வாரம். போன மாதத் தலை எண்ணிக்கை, சேர்ந்தவர், போனவர், ஆளுக்காள் நிகரச் சம்பள வித்தியாசம்: அனுப்பும் முன் இவற்றைக் காலையில் இருபது நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

வீட்டிலும் ஒரு கட்-ஆஃப் வேண்டும். "சும்மாதானே இருக்க, கேஸ் வந்தா வாங்கி வை" என்பார் அத்தை. 26 முதல் 30 வரை சிலிண்டர் அவர் பொறுப்பு என்று பேசி முடிக்கவே இரண்டு மாதம் ஆனது.

இவ்வளவும் செய்து, 16-ஆம் தேதி தாண்டியும் தூக்கம் பிடிக்கவில்லையா? டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் இருக்கிறது, 14416. அரசு நடத்துவது, இலவசம், தமிழில் பேசலாம். நான் ஒரு தடவை ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டேன், எடுத்தார்கள்.