நினைவு அறக்கட்டளை: சொந்தப் பாட்டு போடும் பிள்ளைகளுக்குப் பணம் போய்ச் சேரும் வழி

பாட்டே மூச்சாக இருந்த பிள்ளை இளவயதில் போய்விட்டால், முதலாண்டு நினைவு நாள் நெருங்கும்போது வீட்டில் பேச்சு எழும்: "அவன் பேர்ல ஏதாவது செய்யணும்." அது பெரும்பாலும் ஒரு விழாவில் முடிந்துவிடும். பொன்னாடை, கேடயம், 5,000 ரூபாய்க் காசோலை, சாப்பாடு. மண்டப வாடகை போகப் பாட்டுக்கென்று எதுவும் மிஞ்சாது. தானே எழுதித் தானே மெட்டுப் போடும் 19 வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ கேடயத்தை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. ஒரு பாட்டை முடித்து வெளியிடும் செலவு கிடைக்க வேண்டும். அந்தப் பாட்டு அவர் பெயரிலேயே நிற்பதற்கான காகிதமும் வேண்டும்.

முதலில் கணக்கு. மூலநிதி 10 லட்சம், வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 70,000. வரிவிலக்கு வேண்டுமானால் வருமானத்தில் 85 சதவீதத்தை, அதாவது 59,500 ரூபாயை, அறப்பணியில் செலவழித்தாக வேண்டும். மீதி 10,500ஐ முதலோடு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்குத் தலா 25,000 கொடுத்தால் ஆடிட்டர் கட்டணத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் 9,500 நிற்கும். இழுத்துப் பிடித்தால் ஓடும். கையில் 3 லட்சம்தான் என்றால் வட்டி 21,000. அதில் பாதியைக் காகித வேலையே தின்றுவிடும். அந்த நிலையில் அறக்கட்டளை வேண்டாம். ஆண்டுக்கு ஒருவருடைய பாட்டுப் பதிவுச் செலவை வீட்டுக் கணக்கிலிருந்தே கொடுங்கள், அல்லது இதே வேலையை ஏற்கெனவே செய்கிறவர்களிடம் சேருங்கள். பெங்களூருவில் அங்கிரஸ் 'டோட்டோ' வெல்லானியின் நினைவாக 2004இல் தொடங்கிய 'டோட்டோ ஃபண்ட்ஸ் த ஆர்ட்ஸ்' இளம் இசைக் கலைஞர்களின் சொந்தப் படைப்புக்கு விருது தருகிறது. அப்படியொன்றில் கைகோப்பது ஒன்றும் குறைச்சல் இல்லை.

தொடங்குவது என்று முடிவானால், சங்கமா அறக்கட்டளையா என்ற கேள்வி வரும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி சங்கத்துக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். பேரவைக் கூட்டம், தேர்தல் எல்லாம் உண்டு. குடும்பமும் நாலு நண்பர்களும் சேர்ந்து நடத்துவதற்கு அறக்கட்டளையே போதும். பத்திரம் எழுதி, இரண்டு சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அலுவலக முகவரி வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கட்டும். அறங்காவலர்கள் 5 பேர் நல்ல எண்ணிக்கை. வாக்கெடுப்பில் இழுபறி வராது. அதில் இரண்டு பேராவது 35 வயதுக்குள் இருக்க வேண்டும். எல்லாரும் 60ஐத் தாண்டியவர்களாக இருந்தால் பத்து ஆண்டில் காசோலையில் கையெழுத்துப் போட ஆள் தேட நேரும்.

பத்திரத்தில் வார்த்தை தவறினால் பின்னால் வரிவிலக்கு கிடைக்காது. "எங்கள் சமுதாயப் பிள்ளைகளுக்கு" என்று ஒரு வரி இருந்தாலே 80ஜி, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் பதிவு, போய்விடும். குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ மட்டுமான அமைப்புக்கு அது கிடையாது. நிறுவியவரின் உறவினர்களுக்கு உதவி இல்லை, கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு அறக்கட்டளைக்கே போகும், இந்தப் பத்திரம் திரும்பப் பெற முடியாதது என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பணி இந்தியாவுக்குள் என்றும் எழுதுங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு உதவ ஆசை இருக்கலாம். ஆனால் நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் செய்யும் செலவு அந்த 85 சதவீதத்தில் சேராது.

பத்திரம் பதிந்த பிறகு பான் எண், வங்கிக் கணக்கு, பிறகு 12ஏ (அறக்கட்டளை வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது), 80ஜி பதிவு. 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களையும் படிவ எண்களையும் ஆடிட்டரிடம் கேட்டுச் சரிபாருங்கள். பேச்சில் பழைய எண்கள்தான் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு, 3 ஆண்டுக்கு. பணி தொடங்கிய 6 மாதத்துக்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். நன்கொடையாளருக்குச் சொல்ல வேண்டியது: 80ஜி கழிவு தன் வரிக்குப் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவருக்கும் கிடையாது.

நினைவு நாளன்று கவரில் வைத்துக் கொடுப்பார்கள். அங்கேதான் கணக்கு கெடும். மொய் நோட்டு மாதிரியே ஒரு நோட்டுப் போட்டு ஒருவரை உட்கார வையுங்கள். பெயர் மட்டும் போதாது, முகவரியும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது பெயர் தெரியாத நன்கொடை ஆகிவிடும். ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது பெரிதோ அதைத் தாண்டும் தொகைக்கு 30 சதவீதம் வரி. முதலோடு சேர வேண்டிய பணத்துக்கு "மூலநிதிக்கு" என்று கொடுப்பவரே எழுதித் தர வேண்டும். எழுதித் தராவிட்டால் அது அந்த ஆண்டு வருமானம்.

வெளிநாட்டு உறவினர் பணம் தனிக்கதை. துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை அனுப்பினால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவுக்கு 3 ஆண்டுச் செயல்பாடும் அந்த 3 ஆண்டில் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். சின்ன அறக்கட்டளை அந்தப் பக்கம் போகாமல், அத்தையிடம் பாஸ்போர்ட் என்ன நிறம் என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இனி ஆள் தேர்வு. ஸ்டுடியோவில் செய்த பாட்டை அனுப்பச் சொன்னால் ஏற்கெனவே காசு இருக்கிற பிள்ளைதான் ஜெயிக்கும். செல்போனில் பதிந்தது, குரலும் ஒரே ஒரு வாத்தியமும், 3 நிமிடத்துக்குள் என்று கேளுங்கள். கூடவே பாடல் வரிகளும், வரி யார், மெட்டு யார், பீட் (தாளப் பின்னணி) யார் என்று ஒரு பத்தியும். பெயரை எடுத்துவிட்டு எண் போட்டு நடுவர்களுக்கு அனுப்புங்கள்.

'சொந்தப் பாட்டு' என்றால் என்ன என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் சண்டை. சினிமா மெட்டில் வேறு வரி போட்ட கானா நன்றாகவே இருக்கும், ஆனால் மெட்டு அடுத்தவருடையது. பாரதியார் படைப்புகள் 1949இல் அரசுடைமையாகிப் பிறகு பொதுவுடைமை ஆனவை. அதற்குப் புது மெட்டுப் போட்டால் உரிமைச் சிக்கல் இல்லை, இருந்தாலும் அதை எடுத்துக்கொள்வீர்களா என்பது உங்கள் முடிவு. பாட்டி பாடிய தாலாட்டு மெட்டு என்றால் 'மரபு மெட்டு' என்று போடட்டும். மிக அதிகமாக மாட்டுவது யூடியூபில் 'ஃப்ரீ' என்று கிடைக்கும் பீட். பெரும்பாலும் அது காசு பார்க்காத பயன்பாட்டுக்கு மட்டுமே ஃப்ரீ. உரிமப் பத்திரம் இல்லாத பீட்டில் செய்த பாட்டை வெளியிட்ட மறுநாளே உரிமைக் கோரல் வந்து நிற்கும். உங்கள் 25,000 அடுத்தவர் கணக்கில் வருமானமாகப் போகும்.

உரிமை விஷயத்தில் நல்ல மனசுக்காரர்களே தவறு செய்கிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் வரிக்கு ஒரு உரிமை, இசைக்கு ஒன்று, பதிவுக்குத் தனியாக ஒன்று. பதிவின் உரிமை தயாரிப்பாளருக்கு. தயாரிப்பாளர் என்றால் பதிவைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். ஸ்டுடியோ பிடித்து, பணம் கட்டி, தேதி குறித்தது அறக்கட்டளை என்றால், கேட்காமலேயே பாட்டின் பதிவு அறக்கட்டளையுடையது என்று வாதிட இடம் உண்டு. ஆகவே ஸ்டுடியோவை அந்தப் பிள்ளையே பிடிக்கட்டும், ரசீதும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். பணம் கொடுக்கும் முன் ஒரு பக்கக் கடிதம்:

"இப்பாடலின் ஒலிப்பதிவுக்குத் தயாரிப்பாளர் பாடல் ஆசிரியரே. அறக்கட்டளை கொடுப்பது உதவித்தொகை மட்டும். அறக்கட்டளைக்கு இப்பதிவில் ஏதேனும் உரிமை உண்டென்று கருதப்பட்டால், அதை உரிமைக் காலம் முழுமைக்கும் உலகம் முழுவதற்கும் அவருக்கே எழுதிக் கொடுக்கிறது."

காலமும் இடமும் ஏன் வேண்டுமென்றால், அவற்றைச் சொல்லாமல் விட்ட உரிமை மாற்றம் சட்டப்படி 5 ஆண்டு, இந்தியாவுக்குள் என்றுதான் கொள்ளப்படும். பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் அவருடைய கையெழுத்து செல்லாது, பெற்றோர் போட வேண்டும். கூட வாசிக்கும் நண்பர்கள் ஒரே தாளில் பங்கு எழுதிக் கையெழுத்துப் போடட்டும்: வரி இன்னார், மெட்டு இன்னார், இத்தனை சதவீதம். பாட்டு ஓடாதவரை யாரும் கேட்க மாட்டார்கள். ஓடினால் எல்லாரும் கேட்பார்கள். ராயல்டியில் அறக்கட்டளை பங்கு கேட்கவே வேண்டாம். வணிக வருமானம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் வரிவிலக்குக்கே ஆபத்து.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள்: தொடக்கத்தில் 15,000, முதல் மிக்ஸ் (குரலும் வாத்தியங்களும் கலந்த வடிவம்) கேட்டதும் 7,000, கடைசியில் 3,000. அந்த 3,000க்கு ஒரே நிபந்தனை போதும்: ஒவ்வொரு டிராக்கும் தனித்தனி வேவ் ஃபைலாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்க வேண்டும், குரல் இல்லாத மிக்ஸ் ஒன்றும். ஸ்டுடியோக்காரர் டிஸ்க் நிறைந்தால் அழித்துவிடுவார். பிறகு குறும்படத்துக்கு யாராவது குரலில்லாமல் கேட்டால் கொடுக்க ஒன்றும் இருக்காது.

கட்டையையும் (சுருதி) வேகத்தையும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகட்டும். மணிக்கு வாடகை கொடுத்து உட்கார்ந்து பாடிப் பார்ப்பது வீண். பறை இருந்தால் அதை முதலில் பதியுங்கள். தோலைத் தீயில் காய்ச்சினால்தான் ஓசை ஏறும், சூடு ஆறினால் தளரும். மூன்றாவது மாடி ஸ்டுடியோவில் தீ மூட்ட விடமாட்டார்கள். தரைத்தளமும் பின்பக்கம் திறந்த இடமும் உள்ள ஸ்டுடியோவாகப் பாருங்கள். ஒருவர் வெளியே இன்னொரு பறையைக் காய்ச்சிக்கொண்டே இருக்கட்டும். பறையின் மெல்லிய குச்சியான சிம்புக்குச்சியின் அடி ஊசி மாதிரி எகிறும் என்பதால் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் அளவை வையுங்கள்.

வெளியீட்டுக்கு, பாட்டை இசைச் செயலிகளுக்கு அனுப்பும் விநியோகத் தளத்தில் 4 வாரம் முன்பே ஏற்ற வேண்டும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். பெயர் எழுத்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும், இல்லையென்றால் அதே பெயருள்ள வேறொருவர் பக்கத்தில் பாட்டு போய் உட்காரும். லேபிள் என்ற கட்டத்தில் அறக்கட்டளைப் பெயர் வேண்டாம், பிள்ளையின் பெயர்தான். நினைவுக்கு விளக்கத்தில் ஒரு வரி போதும். பாட்டு வந்ததும் ராயல்டி வசூலித்துத் தருவதற்காக 1969 முதல் இயங்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் சேரச் சொல்லுங்கள். பொது இடத்திலும் ஒலிபரப்பிலும் பாட்டு ஓடினால் வரும் தொகை அந்த வழியாகத்தான் வரும்.

விழா வேண்டுமென்றால் வையுங்கள், ஆனால் அதன் செலவு பாட்டுச் செலவைத் தாண்டக் கூடாது. 4 பேர், தலா 20 நிமிடம், இடையில் மேடை மாற்ற 10 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். இரவு 10 மணிக்கு மேல் திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. சிறப்பு விருந்தினர் 5 நிமிடம். இதை எழுதிக் கொடுக்காவிட்டால் கடைசியாகப் பாட வேண்டிய பிள்ளைக்கு 9.50க்குத்தான் மைக் வரும்.

இறந்தவரே பாட்டுப் போட்டவராக இருந்தால், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. அவருடைய செல்போனை அழிக்காதீர்கள், சிம்மைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண் முடங்கிவிடலாம், ஆகவே ரீசார்ஜ் செய்து வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். யூடியூபுக்கும் விநியோகத் தளத்துக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். வெளிவராத மெட்டுகள் பெரும்பாலும் வாய்ஸ் ரெக்கார்டரிலும் நண்பர்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகளிலும் இருக்கும். தேதி மாறாமல் நகல் எடுங்கள். வரிக்கும் இசைக்கும் உள்ள உரிமை இறந்தபின் 60 ஆண்டு வாரிசுகளுக்கு. அதை அறக்கட்டளைக்குத் தருவதானால் வாய்ப்பேச்சாக விடாமல், எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட தனிப் பத்திரமாக எழுதுங்கள்.