மாஸ்கோ மியூல் வீட்டில் கலக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வோட்கா, ஜிஞ்சர் பீர் என்னும் காரமான இஞ்சிச் சோடா, எலுமிச்சைச் சாறு என்று மூன்றே பொருட்கள் சேரும் பானம் என்பதால், மாஸ்கோ மியூலில் தவறு செய்ய இடமே இல்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பன்னாட்டு மதுக்கலவையாளர் சங்கம் வகுத்திருக்கும் அளவு, வோட்கா 45 மில்லி, ஜிஞ்சர் பீர் 120 மில்லி, புதிதாகப் பிழிந்த எலுமிச்சைச் சாறு 10 மில்லி என்பதாகும். அதாவது டம்ளரில் வோட்காவின் பங்கு கால் பாகத்தைச் சற்றே தாண்டும். அதற்கும் தனியாக எடுத்துச் சொல்லும்படியான சுவை கிடையாது. மீதியில் பெரும்பகுதி இஞ்சியும் சர்க்கரையும் வாயுவும்தான். அப்படியிருந்தும் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ இதை வீட்டில் செய்ய முனைகிறவர், டாஸ்மாக் எலைட் கடையில் எந்த வோட்காவை வாங்குவது என்று அரைமணி நேரம் யோசித்துவிட்டு, இஞ்சிக்கு வந்ததும் கைக்குக் கிடைத்ததை ஊற்றிவிடுகிறார். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மனப்போக்கிலிருந்தே பிறக்கின்றன.

இந்தப் பானம் பிறந்த கதையும் இதற்கு ஒத்துத்தான் இருக்கிறது. 1941-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்கர்கள் வோட்காவை அவ்வளவாக அறியாதிருந்த காலத்தில், ஸ்மிர்னாஃப் வோட்காவின் அமெரிக்க உரிமையை வைத்திருந்த ஹியூப்ளின் நிறுவனத்தின் ஜான் மார்ட்டினும், ஹாலிவுட்டில் காக் அண்ட் புல் என்ற உணவகத்தை நடத்திவந்த ஜாக் மார்கனும் சேர்ந்து இதைப் பரப்பினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. ஒருவரிடம் விலைபோகாத வோட்கா, மற்றவரிடம் விலைபோகாத ஜிஞ்சர் பீர். தனித்துக் குடிக்க ஆளில்லாத வோட்காவை விற்றுக்கொடுத்தது இஞ்சிதான்.

முதல் தவறு ஜிஞ்சர் பீருக்குப் பதிலாக எதை ஊற்றுவது என்பதில் தொடங்குகிறது. பெயரில் பீர் இருக்கிறதே என்று சாதாரண பீரை ஊற்றுபவர்கள் உண்டு. அது முற்றிலும் வேறு பானமாகிவிடும். பெரிய கடைகளில் டப்பாவில் கிடைக்கும் ஜிஞ்சர் ஏல் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், இஞ்சியின் காரம் அடக்கப்பட்ட மென்மையான சோடா அது. எலுமிச்சை சேர்ந்ததும் இஞ்சி இருந்த இடம் தெரியாது. நம் ஊர்ச் சோடாக் கடைகளில் விற்கும் இஞ்சி சோடாவோ, பல இடங்களில் எசன்ஸும் சாயமும் சேர்த்த இனிப்புத் தண்ணீராக இருக்கிறது. அதை ஊற்றிக் கொடுத்தால், "ஏனுங்க, இஞ்சின்னு சொல்லிப்போட்டு வெறும் இனிப்பா இருக்குதுங்களே" என்று விருந்தாளி கேட்பதில் தவறில்லை. நல்ல ஜிஞ்சர் பீர் கிடைக்காத ஊரில் இஞ்சிப்பாகு காய்ச்சிக்கொண்டு சாதாரண சோடாவோடு கலப்பதே நேர்வழி. செலவும் குறைவு.

அந்தப் பாகைச் செய்வதில்தான் நுணுக்கம் அதிகம். இஞ்சியைத் தட்டிப்போட்டு, சுக்குக் காபிக்குக் கொதிக்க வைப்பதுபோல நெடுநேரம் கொதிக்க விடுவது மிகப் பரவலான தவறு. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் என்னும் பொருள், சூட்டில் ஜிஞ்சரோனாக மாறுகிறது. ஜிஞ்சரோன் வாசனை உடையது, ஆனால் காரம் குறைந்தது. அதே ஜிஞ்சரால் இஞ்சி காயும்போது ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. அதனால்தான் சுக்கு பச்சை இஞ்சியை விடக் காட்டமாக இருக்கிறது. ஆகவே சர்க்கரைப் பாகைத் தனியே காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு பச்சை இஞ்சிச் சாற்றைச் சேர்க்க வேண்டும். தொண்டையில் சற்று நேரம் நிற்கும் சூடும் வேண்டுமென்றால், பாகு கொதிக்கும்போது ஒரு சிட்டிகை சுக்குத்தூள் போடலாம். எனக்கு இரண்டும் சேர்ந்ததுதான் பிடிக்கிறது.

உழவர் சந்தையில் பளபளவென்று தோல் மெல்லியதாக, உடைத்தால் நார் தெரியாமல் இருக்கும் இளம் இஞ்சியைத் தேடி வாங்குவதும் இந்த வேலைக்குப் பொருந்தாது. ஊறுகாய்க்கு அது அருமையானது. சாற்றுக்கு, முறிக்கும்போது நார் இழுபடும் முற்றிய இஞ்சியே வேண்டும். கால் கிலோ இஞ்சியைத் தோல் சுரண்டித் துருவி, மெல்லிய துணியில் இறுகப் பிழிந்தால் ஏறக்குறைய 100 மில்லி சாறு கிடைக்கும். அதை அப்படியே பாகில் ஊற்றிவிடக் கூடாது. சுக்குக்குப் புறத்தே நஞ்சு என்று தோலை நீக்கச் சொன்ன நம் வீட்டுப் பெரியவர்கள், இஞ்சிச் சாற்றையும் சற்று நேரம் அசையாமல் வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து எடுப்பார்கள். கால் மணி நேரத்தில் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு கரைத்ததுபோல வெள்ளையாக ஒரு படிவு ஒட்டிக்கொள்வதைக் காணலாம். அது பெரும்பாலும் மாவுச்சத்து. அது பானத்தில் கலந்தால் நாக்கில் மாவு படிவதோடு, அந்த நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு சோடாவின் வாயு ஒரே மூச்சில் நுரைத்து வெளியேறிவிடும். ஊற்றியவுடன் டம்ளர் பொங்கி வழிவதும், இரண்டு மிடறுக்குள் பானம் செத்துப்போவதும் இதனால்தான்.

200 கிராம் சர்க்கரையை 200 மில்லி தண்ணீரில் கரைத்து ஆறவைத்து, தெளிந்த இஞ்சிச் சாற்றைச் சேர்த்தால் 400 மில்லியை ஒட்டிய பாகு தேறும். ஒரு டம்ளருக்கு இதில் 30 மில்லியும் சோடா 90 மில்லியும் கணக்கு. குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்; நாளாக ஆகக் காரம் மங்கிக்கொண்டே வரும் என்பதால், விருந்துக்கு முந்தைய நாள் செய்துகொள்வது நல்லது. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வெள்ளைச் சர்க்கரையைப் போடுவதா என்று சிலருக்குத் தோன்றும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முழு அளவும் அதைப் போட்டால் வெல்ல வாசனை இஞ்சியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கால் பங்கு நாட்டுச் சர்க்கரை, முக்கால் பங்கு வெள்ளை என்பது என் கணக்கு. கரைத்ததும் வடிகட்டிவிட வேண்டும், அடியில் தூசி நிற்கும்.

இன்னும் அசலாகச் செய்கிறேன் என்று இஞ்சியையும் சர்க்கரையையும் பாட்டிலில் அடைத்து நொதிக்க வைப்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஜிஞ்சர் பீர் அப்படித்தான் தோன்றியது. அதை நொதிக்க வைக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் கூட்டாக வாழ்வதை ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர் 1892-இல் ஆராய்ந்து எழுதினார். ஆனால் ஒரு கிராம் சர்க்கரை முழுதாக நொதித்தால் கால் லிட்டரை ஒட்டிய கரியமில வாயு உண்டாகும் என்பதையும், சித்திரை வெயில் 40 டிகிரியை எட்டும் ஈரோட்டிலும் கரூரிலும் ஈஸ்டின் வேகம் குளிர் நாட்டுச் செய்முறையில் எழுதியிருக்கும் நாள்கணக்குக்குக் கட்டுப்படாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூடிய கண்ணாடிப் பாட்டில் வெடித்தால் சமையலறை முழுதும் சில்லுகள்தான். மேலும், நொதிக்கும்போது ஆல்கஹாலும் உண்டாகிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பாகும் சோடாவும் போதும்.

எலுமிச்சையில் நமக்கு ஒரு வசதி உண்டு. இந்தப் பானம் கேட்பது லைம் என்னும் சிறு பழத்தை. நம் சந்தையில் விற்கும் மஞ்சள் எலுமிச்சை அந்த இனம்தான். வெளிநாட்டுச் செய்முறைப் படத்தைப் பார்த்துவிட்டுக் கடையில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் பெரிய லெமனை அதிக விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பாதிப் பழம் பிழிந்தால் 10 மில்லி வந்துவிடும். காலையிலேயே பிழிந்து வைப்பதும், கடைசிச் சொட்டுக்காகத் தோலை முறுக்குவதும், விதையோடு நசுக்குவதும் கசப்பை வரவழைக்கும்.

வோட்காவின் அளவைப் பொறுத்தவரை கண்திட்டமே பெரிய எதிரி. 45 மில்லி என்பது ஒன்றரை ஸ்மால். ஒரு குவாட்டர் பாட்டிலில் நான்கு டம்ளர் வர வேண்டும். நம் ஊர்க் கை பழக்கத்தால் தொண்ணூறை நோக்கியே சாய்கிறது, இரண்டு டம்ளரில் குவாட்டர் காலியாகிவிடுகிறது. இங்கு விற்கும் வோட்காவில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு, இனிப்பும் இஞ்சிக் காரமும் அதன் எரிச்சலை மறைத்துவிடுவதால், குடிப்பவருக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று நாக்கு சொல்லாது. வீடு திரும்ப வண்டி ஓட்டுகிறவருக்கு இதை ஊற்றவே கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். அதே மறைக்கும் குணத்தால், முத்திரை உடைந்த பாட்டிலையும் யாரோ வாங்கித் தந்த லேபிளில்லாத சரக்கையும் இதில் கலந்து சமாளிக்கலாம் என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. மெத்தனால் என்னும் நச்சுச் சாராயம் கலந்திருந்தால் எலுமிச்சையும் இஞ்சியும் அதைத் தெரியவிடாது.

பனிக்கட்டி பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் உறைய வைத்தால், உருக உருக டம்ளரில் உப்பு ஏறும். சிறுவாணித் தண்ணீரோ, குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரோதான் தட்டில் போக வேண்டும். இட்லி மாவும் மல்லிகைச் சரமும் அதே குளிர்பெட்டியில் இருந்தால், இரண்டின் வாசனையும் கட்டியில் ஏறியிருக்கும் என்பதால் அன்றைக்கு உறைய வைத்ததையே பயன்படுத்த வேண்டும். பானம் நீர்த்துப்போகும் என்று பயந்து இரண்டு கட்டி மட்டும் போடுவது நேர்மாறான பலனைத் தரும்: அவை வேகமாக உருகிவிடும், டம்ளர் நிறையப் போட்டால் மெதுவாக உருகும். சோடாவையும் முன்கூட்டியே குளிர வைக்க வேண்டும். 5 டிகிரியில் தண்ணீர் பிடித்துவைக்கும் கரியமில வாயு 25 டிகிரியில் பிடித்துவைப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதலில் வோட்கா, சாறு, பாகு மூன்றையும் கலக்கி, பிறகு பனிக்கட்டி நிரப்பி, கடைசியாகச் சோடாவை டம்ளரின் ஓரமாக இறக்கி, கரண்டியை அடிவரை விட்டு ஒரு முறை மேலே தூக்கினால் போதும். சோடா சேர்ந்த பிறகு குலுக்குவது கூடாது.

செம்புக் குவளையில் குடிப்பதுதான் இதன் மரபு. ஆனால் வீட்டிலிருக்கும் தண்ணீர்ச் செம்பை எடுத்து அதில் ஊற்றுவது தவறு. புளி பட்டால் செம்பில் களிம்பு ஏறும் என்று பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் ரசம் வைக்க மறுத்த ஊர் இது. எலுமிச்சை புளியை விடவும் புளிப்பு. புளிப்புக் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 6-க்குக் கீழே உள்ள உணவு செம்பைத் தொடக் கூடாது என்று அமெரிக்க உணவு விதிகள் சொல்கின்றன. இந்தப் பானத்தைக் குறிப்பிட்டே அயோவா மாநில அரசு 2017-இல் எச்சரித்தது. உள்ளே நிக்கலோ எவர்சில்வரோ பூசிய குவளையானால் தயங்க வேண்டியதில்லை. உட்புறமும் அதே செந்நிறமாக இருந்தால், அது அலமாரியில் அழகுக்கு இருக்கட்டும். எவர்சில்வர் டம்ளரில் விரல் நுனியில் சில்லென்று ஏறும் குளிர்ச்சி அப்படியேதான் கிடைக்கும்.

உடன் வைக்கும் தின்பண்டத்தில், பள்ளிபாளையம் சிக்கனை நான் தவிர்ப்பேன். வர மிளகாயின் காரமும் இஞ்சியின் காரமும் வாயில் ஒரே உணர்வுக் கதவைத் தட்டுகின்றன, ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டவும் செய்கிறது. விளைவாக இஞ்சியும் தெரியாது, சிக்கனும் தெரியாது. வேகவைத்த நிலக்கடலையோ தேங்காய்ச் சில்லோ நன்றாகப் பொருந்தும். குடிக்காதவர்களுக்கு அதே பாகில் சோடாவும் எலுமிச்சையும் சேர்த்துத் தரலாம், ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிவைப்பது கூடாது. நிறமும் வாசனையும் ஒன்றாகவே இருப்பதால், அத்தையோ பள்ளிப் பிள்ளையோ மாற்றி எடுத்துவிட முடியும். வோட்கா சேர்ந்ததைக் கண்ணாடி டம்ளரில் மட்டும் ஊற்றி, வேறொரு தட்டில் வைத்துவிட வேண்டும்.