தேர்தலில் வென்றவர் சர்வாதிகாரத்தின் பக்கம் சாய்கிறாரா? கண்டறியும் முறை

மேடைப் பேச்சை விடுங்கள், அரசிதழைப் படியுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு சட்டத் திருத்தத்துக்கும் தேதி, எத்தனை நாள் விவாதம் நடந்தது, யாருடைய அதிகாரம் குறைந்தது, அது யார் கைக்குப் போனது என்று குறித்துவாருங்கள்.

முதலில் நீதிமன்றம். ஹங்கேரியில் 2010-இல், தேர்தலுக்குப் பின் பிரதமரான விக்டர் ஓர்பானின் கூட்டணி சுமார் 53 சதவீத வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தது. அடுத்த ஆண்டே புதிய அரசியலமைப்பு. அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதிகள் 11-லிருந்து 15 ஆனார்கள். மற்ற நீதிபதிகளின் ஓய்வு வயது 70-லிருந்து 62-க்கு இறங்கியது; மூத்தவர்கள் கூண்டோடு வெளியேற நேர்ந்தது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அது தவறு என்றது. அதற்குள் பல நாற்காலிகளில் புதியவர்கள் அமர்ந்துவிட்டார்கள். ஆகவே தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல், நியமனம் நடக்கும்போதே கவனியுங்கள்.

பதவிக்காலமும் முக்கியம். அங்கே ஊடகங்களைக் கண்காணிக்கும் ஊடக கவுன்சிலின் உறுப்பினருக்கு 9 ஆண்டு, நாடாளுமன்றத்துக்கோ 4. ஆட்சி மாறினாலும் ஆட்கள் இருப்பார்கள்.

பிறகு வாக்கையும் இடத்தையும் ஒப்பிடுங்கள்: ஹங்கேரியில் தேர்தல் விதிகளை மாற்றிய பின், 2014-இல் ஓர்பான் கூட்டணிக்குச் சுமார் 45 சதவீத வாக்குக்கே 199-இல் 133 இடங்கள்.

பலர் சறுக்குவது, ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதில்தான். இலங்கையின் 18ஆவது திருத்தம் (2010) ஒருவர் இரண்டு தவணைதான் ஜனாதிபதியாக இருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. தேர்தல், காவல்துறை போன்றவற்றுக்கான சுயாதீன ஆணைக்குழு நியமனங்களையும் ஜனாதிபதியிடமே கொடுத்தது. சேர்த்துப் படித்தால்தான் நோக்கம் புரியும்.

கடுமையாகப் பேசினாலும், தனக்கு எதிரான தீர்ப்பை உடனே நிறைவேற்றுபவரை இந்தக் கணக்கில் சேர்க்க அவசரப்படாதீர்கள்.