செல்ஃப் எடுக்கவில்லையா? ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன்...

படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பலருக்கும் கை நேராக ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டுக்குத்தான் போகிறது. கழற்றி, காசு செலவழித்துப் புதியதை மாட்டிச் சாவியைத் திருப்பினால் மறுபடியும் அதே 'டக்'. உப்புக்காற்றில் நிற்கும் படகில் பழுது பெரும்பாலும் பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையிலுள்ள வழியில்தான் இருக்கும். அந்த வழியைப் பார்க்காமல் மோட்டாரைக் குறை சொல்வதுதான் முதல் தவறு.

சத்தத்தைக் கவனியுங்கள். 'டக்டக்டக்' என்று அடுக்கடுக்காக வந்தால் பேட்டரி பலவீனம், அல்லது டெர்மினல் தளர்வு. ஒரே ஒரு 'டக்' வந்து நின்றால் சொலினாய்டின் (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்ச்) முனைகள் கருகியிருக்கலாம், ஸ்டார்ட்டர் இறுகியிருக்கலாம், எர்த் (பேட்டரியின் நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு வரும் இணைப்பு) சரியில்லாமலும் இருக்கலாம். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸையும், கியரில் இருக்கும்போது செல்ஃப் எடுக்காமல் தடுக்கும் நியூட்ரல் சுவிட்சையும் பாருங்கள். கியர் லிவரை நியூட்ரலில் லேசாக முன்னும் பின்னும் அசைத்துச் சாவியைத் திருப்பினாலே சில எஞ்சின்கள் எடுத்துவிடும். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச்சின் கயிறு கழன்றிருந்தால் செல்ஃபே சுற்றாத மாடல்களும் உண்டு.

'மீட்டரில் 12.6 வோல்ட் காட்டுகிறது, பேட்டரி நல்லது' என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. சும்மா இருக்கும்போது அப்படிக் காட்டும் பேட்டரி, சாவியைத் திருப்பியதும் 8 வோல்ட்டுக்கு விழலாம். சுற்றும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி பலவீனமாகியிருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது.

சாவியைத் திருப்பும்போதும் பேட்டரியின் வோல்ட் சரியாக இருந்தும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லையா? நான் மிகவும் நம்பும் சோதனை ஒன்று உண்டு. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், கேபிள் முனையில் வேண்டாம். இன்னொன்றை ஸ்டார்ட்டரில் தடித்த வயர் மாட்டும் போல்ட்டில் வையுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் தடை இருக்கிறது. நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையிலும் இதேபோல் பாருங்கள். சொலினாய்டின் இரு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே, 'டக்' கேட்ட பிறகும் முழு 12 வோல்ட் நின்றால் அதன் உள்முனைகள் கருகிவிட்டன. மாற்ற வேண்டியது சொலினாய்டு மட்டும்தான்.

வயரின் மேலுறை பளபளப்பாக இருப்பதை நம்பாதீர்கள். உப்பு, செம்புக் கம்பிக்குள் ஏறிப் பச்சையாகவும் கறுப்பாகவும் பூத்திருக்கும். கார் கேபிளை வெட்டி மாட்டினால் இது சீக்கிரம் வரும். வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிளே கடலுக்கு ஏற்றது. டெர்மினலில் கையால் முறுக்கும் பட்டாம்பூச்சி நட் வேண்டாம். அலை அதிர்வில் தளர்ந்துவிடும்.

ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டை நேரடியாக இணைத்துச் சுற்ற வைக்கும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி பறக்கும். நியூட்ரல் பாதுகாப்பும் அங்கே வேலை செய்யாது. கியரில் இருந்தால் புரொப்பல்லர் சுற்றி, பக்கத்தில் நிற்பவரைக் கிழித்துவிடும். ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் ஓங்கித் தட்டுவதும் கூடாது, நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டாரில் காந்தம் உடையும்.

விடாமல் அரை நிமிடம் சுற்றினால் நல்ல ஸ்டார்ட்டரும் கருகும். 5 விநாடி சுற்றி, சற்று ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். எஞ்சின் தண்ணீரில் மூழ்கி எடுத்ததென்றால் செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நிற்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஃபிளைவீலை (எஞ்சினின் மேலுள்ள கனமான சுழல் சக்கரம்) கையால் சுற்றிப் பாருங்கள்.

மோட்டார் 'விர்ர்' என்று சுற்றியும் எஞ்சின் அசையவில்லை என்றால் பினியன் பல்சக்கரம் மேலே ஏறி ஃபிளைவீலைப் பிடிக்கவில்லை. அதற்குக் கெட்டியான கிரீஸை அப்புகிறார்கள். அதில் உப்பும் தூசியும் ஒட்டி இன்னும் இறுகும். சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும்.

கடலில் வைத்து இதெல்லாம் முடியாது. உங்கள் எஞ்சினின் ஃபிளைவீலில் கயிறு சுற்றி இழுக்கும் வசதி இருக்கிறதா என்று கரையிலேயே பார்த்து வையுங்கள். இருந்தால் அவசரக் கயிறு படகிலேயே இருக்கட்டும். அப்படி இழுக்கும்போதும் நியூட்ரல் பாதுகாப்பு இருக்காது. லிவரைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துவிட்டு, சட்டை நுனியும் தலைமுடியும் சிக்காதபடி ஒதுங்கி நின்று இழுங்கள்.